கரை மறைந்த பிறகு

புதிய கருவியொன்று வாழ்வுக்குள் நுழைந்த நாளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் வீட்டுக் கூடத்தையே களமாகக் கொண்டவை. வானொலிப் பெட்டி வந்த மாலையும், தொலைக்காட்சிக்கு முன்னால் தெருவே கூடிய ஞாயிற்றுக்கிழமையும் அவற்றில் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரைக்கு இந்தக் களம் போதாது. கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளும் இக்கரையில் 1940களில் பிறந்து கடல்தொழில் செய்து முதிர்ந்த ஒருவர், பருத்தி வலையிலிருந்து நைலானுக்கும், பாயிலிருந்து எஞ்சினுக்கும், மலைமுகட்டைப் பார்த்து இடம் கண்ட முறையிலிருந்து செயற்கைக்கோளுக்கும் ஒரே ஆயுளில் கடந்து வந்திருப்பார். நாஞ்சில் நாடு என்றதும் எழுத்தில் விரியும் நெல்வயலும் குளமும் கோயிலும் சில மைல் தொலைவிலேயே இருந்தும், இத்தனை மாற்றங்களைக் கண்ட இக்கரை அந்தச் சித்திரத்தின் ஓரத்தில்கூட நெடுங்காலம் இடம்பெறவில்லை என்பது தனியே எழுதப்பட வேண்டிய செய்தி.

இம்மாற்றங்களில் எது வாழ்வைத் திருப்பியது என்று கேட்டால் கடலில் இருப்பவருக்கு ஒரு விடையும் கரையில் காத்திருப்பவருக்கு வேறொரு விடையும் இருக்கும். வலை, படகு, எஞ்சின், இடங்காட்டி ஆகிய அனைத்தும் மனிதரை மேலும் தொலைவுக்குக் கொண்டுசெல்பவை. இவை சந்தையின் வழியாகவும் கடனின் வழியாகவும் விரைந்து வந்து சேர்ந்தன. போனவரைக் கூப்பிடுவதற்கான கருவிகளோ அரசின் அனுமதியையும் திட்டத்தையும் எதிர்பார்த்துப் பல ஆண்டுகள் பிந்தியே வந்தன, வந்தபோதும் அரைகுறையாகவே வந்தன. இவ்விரண்டு வேகங்களுக்கும் இடையில் விழுந்த இடைவெளியை வைத்துப் பார்க்கும்போதுதான் இக்கரையின் கடந்த அறுபது எழுபது ஆண்டுகள் ஒழுங்காகப் புரிபடுகின்றன.

தொடக்கத்தில் இருந்தது கட்டுமரம். மென்மரத் துண்டுகள் சிலவற்றைக் கயிற்றால் பிணைத்து, கரை திரும்பியதும் அவிழ்த்து வெயிலில் காயவைக்கத்தக்க மிதவை அது. உட்குழிவு என ஒன்று இல்லாததால் அதில் தண்ணீர் நிறைந்து மூழ்குவதற்கும் வழியில்லை. மேலேறிய அலை மரங்களின் இடுக்குகள் வழியே இறங்கிப் போய்விடும். கரையோரத்தில் அலை உடைந்து விழுகிற, துறைமுகமென எதுவும் இல்லாத சரிவான மணற்கரைகளே இம்மாவட்டத்தில் பெரும்பான்மை என்பதால், இந்த எளிய அமைப்பு பின்தங்கியவர்களின் கருவி என்று வளர்ச்சித் திட்ட அறிக்கைகள் கருதியதற்கு மாறாக, இடத்துக்கென்றே செதுக்கப்பட்ட ஒரு தீர்வாக இருந்தது. அதன் வரம்பு வேறிடத்தில் இருந்தது: காற்று விட்ட தொலைவுக்கும் கரை தெரிகிற தொலைவுக்கும் அப்பால் அது வழக்கமாகப் போவதில்லை.

கரை தெரிவது ஏன் முக்கியம் என்பதைக் கணியம் என்னும் இடங்காணும் முறை விளக்கும். கடலடியில் பாறை எழுந்து நிற்கும் இடத்தை மீனவர் பார் என்பர். பாசியும் சிற்றுயிர்களும் அங்கே ஒட்டி வளர்வதால் மீன் கூடும், ஆனால் மேலே இருப்பவருக்குச் சுற்றிலும் ஒரே தண்ணீர்தான். அந்த இடத்தை மறுபடியும் கண்டுபிடிப்பதற்கு, கரையில் அருகிலுள்ள ஓர் அடையாளத்தையும் அதற்குப் பின்னால் தொலைவிலுள்ள மற்றொன்றையும், எடுத்துக்காட்டாக ஒரு கோயில் கோபுரத்தையோ தேவாலயச் சிலுவையையோ முட்டம் கலங்கரை விளக்கையோ வேளிமலையின் ஒரு பள்ளத்தையோ, ஒரே நேர்கோட்டில் வரவழைத்து அந்தக் கோட்டின்மீதே மரத்தை நகர்த்துவர். வேறொரு திசையில், மருந்துவாழ்மலையின் முகடும் அதற்கு முன்னுள்ள ஒரு தென்னங்கூட்டமும் இதுபோல ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்போது, இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியில் பார் இருக்கும். நில அளவையாளர் முக்கோணமுறை என்று கருவிகளோடு செய்வதை, எண்களே இல்லாமல், ஆடும் மரத்தின்மேல் நின்று கண்ணால் செய்த கணிப்பு இது. இதனுடன் நீவாடு எனப்படும் நீரோட்டத்தின் போக்கும், எடை கட்டி இறக்கிய கயிற்றில் தெரியும் ஆழமும், அடியில் மணலா சேறா கல்லா என்று கைக்கு எட்டும் உணர்வும் சேர்ந்துகொள்ளும். ஆனால் பூமி வளைந்திருக்கிறது. இருபது மீட்டர் உயரத் தென்னை, நீர்மட்டத்தை ஒட்டி நிற்பவரின் கண்ணுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் கடலுக்குள் இறங்கிவிடும். அதன்பின் மலைகள் மட்டும் மிஞ்சும், மூடுபனியும் மேகமும் இருந்தால் அவையும் இல்லை. கணியத்தின் ஆட்சி அந்த எல்லையில் முடிந்தது.

இந்த அறிவுக்கு ஒரு சமூக வடிவமும் இருந்தது. ஒரு பாரின் கணியம் தந்தையிடமிருந்து மகனுக்கும் மாமனிடமிருந்து மருமகனுக்கும் சேர்வது; பிறர் கண்ணில் படாமல் அங்கே போய்வருவது தனித் திறமையாகவே மதிக்கப்பட்டது. அதைத் திருட விரும்புபவர் பின்தொடர்ந்து வந்து, அதே இடத்தில் நின்று, அதே கரையை அதே கண்ணோடு பார்க்க வேண்டியிருந்தது, அதாவது திருடுவதற்கும் தொழில் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. முதிர்ந்து கடலுக்குப் போக இயலாதவரிடம்கூட ஊரார் யோசனை கேட்டு வந்ததற்கு இதுவே காரணம். அவருடைய உடல் தளர்ந்த பிறகும் அவரிடம் மட்டுமே இருந்த ஒரு வரைபடம் மீதமிருந்தது. வறீதையா கான்ஸ்தந்தின் போன்ற இக்கரையைச் சேர்ந்த எழுத்தாளர்கள் கடலறிவைத் தொடர்ந்து எழுத்தில் பதிந்துவருவதன் அவசரம், அந்த வரைபடங்கள் அவற்றை வைத்திருந்தவர்களோடு போய்க்கொண்டிருந்ததிலிருந்து பிறந்தது எனலாம்.

முதலில் மாறியது வலை. பருத்தியிலும் சணலிலும் ஆன வலைகள் நனைந்தால் அழுகும். ஆகவே ஒவ்வொரு நாளும் விரித்துக் காயவைக்கவும், சில நாட்களுக்கொருமுறை மரப்பட்டைச் சாறு போன்றவற்றில் தோய்த்துக் கடினமாக்கவும் வேண்டியிருந்தது. 1930களில் அமெரிக்க ஆய்வகமொன்றில் உருவான நைலான் என்னும் செயற்கை இழை, இக்கரைக்கு இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பதிற்றாண்டுகளில் வந்து சேர்ந்தபோது இந்த வேலை அனைத்தையும் ஒரேயடியாக விலக்கிவிட்டது. அது அழுகுவதில்லை, இலேசானது, தண்ணீரில் மீனின் கண்ணுக்கு எளிதில் தென்படுவதுமில்லை. ஆண்களுக்கு மிச்சமான நேரத்தைப் பற்றி எல்லோரும் பேசுவர். பெண்கள் இழந்ததைப் பற்றிக் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. நூல் திரித்தும் வலை பின்னியும் கடலோரப் பெண்கள் ஈட்டிய வருமானம், எந்திரம் பின்னிய நைலான் வலை கடைக்கு வந்ததும் சுருங்கியது. அதே சமயம் புதிய வலைக்கான முதலைத் திரட்டும் சுமையும் அவர்களிடமே வந்தது. கடியப்பட்டணத்தில் களஆய்வு செய்து 1991இல் முக்குவர் என்னும் மீனவச் சமூகத்தின் பெண்களைப் பற்றிய நூலை வெளியிட்ட மானிடவியலாளர் கல்பனா ராம், கடன் வாங்குவதும் கொடுப்பதும் பெரும்பாலும் பெண்களின் வலைப்பின்னலாகவே இக்கரையில் இயங்குவதை விரிவாகக் காட்டியிருக்கிறார். நைலான் வந்த நாள் என்பது, அந்த வகையில், ஒரு வீட்டில் நகை அடகுக்குப் போன நாளாகவும் இருந்திருக்கக்கூடும்.

இழுவை மடிப் படகுகளின் கதை பலமுறை சொல்லப்பட்டது என்பதால் சுருக்கமாகப் போதும். 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய திட்டம், சிறுமீனவரின் வாழ்வை உயர்த்துவதை நோக்கமாக அறிவித்தது. ஏற்றுமதிச் சந்தையில் இறாலின் விலை ஏறியதும் அது கடலடியைச் சுரண்டி இழுக்கும் விசைப்படகுகளின் பெருக்கமாக மாறியது. அப்போது திருவிதாங்கூர்-கொச்சியிலும், 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலத்திலும் இருந்த கன்னியாகுமரிக் கரைக்கும் அந்த அலை வந்தது. கட்டுமரக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் இடையே வலை அறுப்பும் படகு எரிப்புமாக வளர்ந்த மோதல்களுக்குப் பிறகு, தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் கரையை ஒட்டிய மூன்று கடல்மைல் பரப்பைச் சிறுதொழிலாளருக்கென ஒதுக்கியது. சட்டம் வரைந்த அந்தக் கோட்டைக் கடலின்மேல் நின்று எப்படிக் காண்பது என்ற கேள்விக்கு விடை, நகைமுரணாக, பின்னாளில் வந்த இடங்காட்டிக் கருவியிலேயே கிடைத்தது.

முட்டத்தில் நடந்தது இதற்கு நேர்மாறான முயற்சி. கட்டுமரத்துக்கான மென்மரம் அரிதாகி விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்து இக்கரையில் தங்கிய பியர் கில்லட் உள்ளூர்ப் படகுக் கட்டுநர்களோடும் மீனவர்களோடும் சேர்ந்து, மணற்கரையிலிருந்தே அலையைத் தாண்டி இறக்கத்தக்க சிறிய பிளைவுட் படகுகளை உருவாக்க முயன்றார். அந்த முயற்சியின் வேதனைகளையும் பலன்களையும் பற்றி அவர் எழுதிய நூலை நாகர்கோவிலில் இயங்கிய தகவுத் தொழில்நுட்ப மையம் 1985இல் வெளியிட்டது. பொருளியலாளர் ஷூமாக்கர் 1973இல் சிறியதே அழகு என்று நூலுக்குத் தலைப்பிட்டிருக்க, கில்லட் தம் நூலுக்குச் சிறியது கடினமானது என்று பெயர் வைத்தார். ஆய்வகத்தில் மிதக்கும் படகு உடையும் அலையில் ஏன் கவிழ்கிறது, மீனவர் ஏன் ஒரு வடிவத்தை ஏற்று மற்றொன்றைக் கரையில் போட்டுவிடுகிறார் என்பதற்கான பொறுமையான தேடல் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. 1980இல் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, பின்னர் இத்தகைய படகுகளைக் கட்டித்தரும் பணியைப் பெருமளவில் மேற்கொண்டது. ஆயினும் கட்டுமரத்தைக் கரையிலிருந்து ஏறத்தாழ அகற்றியது இந்த நிதானமான முயற்சி அன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களைத் தாக்கி மாவட்டத்தில் சுமார் 800 உயிர்களைக் கொண்டுபோன பிறகு, நிவாரண அமைப்புகள் போட்டியிட்டு வழங்கியவை கண்ணாடியிழைப் படகுகளே. மரத்துக்கு மரம் தருவதைக் காட்டிலும் அச்சில் வார்த்த படகைத் தருவது கொடையாளருக்கு எளிதாக இருந்தது. தலைமுறைகளாக நடக்கவேண்டிய மாற்றம், துயரத்தின் நிழலில், இரண்டு மூன்று ஆண்டுகளில் நடந்து முடிந்தது.

படகின் வெளிப்புறத்தில் பொருத்தும் எஞ்சின் 1980களில் பரவியபோது நாளின் அமைப்பே மாறியது. இரவின் பின்பகுதியில் நிலத்திலிருந்து வீசும் கரைக்காற்றில் பாய் விரித்துப் போவதும், வெயில் ஏறியபின் கடலிலிருந்து வீசும் காற்றில் திரும்புவதும் தொழிலின் கடிகாரமாக இருந்தவரை, வீட்டில் உலை வைக்கும் நேரமும், பனையோலைக் கடவத்தில் மீன் சுமந்து உள்நாட்டுச் சந்தைகளுக்கு நடக்கும் பெண்களின் நேரமும் அந்தக் காற்றையே பின்பற்றின. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் காற்றை ஒதுக்கிவைத்தது, அதற்கு ஈடாக எரிபொருளின் விலையைத் தொழிலுக்குள் கொண்டுவந்தது. காற்று இலவசம், ஒருநாள் மீன் படாவிட்டால் முன்பு உழைப்பு மட்டும் வீணாயிற்று, எஞ்சின் வந்தபின் வெறுங்கையோடு திரும்புவதும் ஒரு செலவாயிற்று. கூடுதல் தொலைவு போகவேண்டிய கட்டாயம் மீனைத் தேடியதால் மட்டும் வரவில்லை, எரித்த எண்ணெய்க்குக் கணக்குச் சொல்லவேண்டியிருந்ததாலும் வந்தது.

அந்தத் தொலைவை இறுதியாகத் திறந்துவிட்டது ஜிபிஎஸ். பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தை ஓயாமல் ஒலிபரப்புகின்றன. கையடக்கக் கருவி, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிலிருந்து அந்தக் குறிப்புகள் வந்துசேர எடுத்த நேரத்தை ஒப்பிட்டுத் தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. ஒளி நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் 300 மீட்டர் ஓடிவிடும் என்பதால், நேரத்தில் நேரும் மிகச் சிறு பிழையும் இடத்தில் பெரும் பிழையாகும். அமெரிக்கப் படைத்துறை இந்தப் பண்பைப் பயன்படுத்தியே, பொதுமக்களுக்குக் கிடைக்கும் குறிப்புகளில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து, இடத்தை நூறு மீட்டர் அளவுக்கு மங்கலாக்கி வைத்திருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டனின் ஆணைப்படி அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டதும், உலகெங்கும் உள்ள கருவிகள் ஒரே இரவில் பத்துப் பதினைந்து மீட்டர் துல்லியத்துக்கு வந்தன. நூறு மீட்டர் பிழை கப்பலுக்கு ஒரு பொருட்டன்று. ஒரு சிறு பாரின்மேல் தூண்டில் இறக்குபவருக்கு அது மீனுக்கும் வெறும் மணலுக்கும் உள்ள வேறுபாடு. வாஷிங்டனில் ஒப்பமிட்டவருக்கு இனயத்திலும் குறும்பனையிலும் கணியத்தின் தேவை அன்று குறைந்தது தெரிந்திருக்க நியாயமில்லை.

கருவி வந்தபின் பார் ஓர் எண்ணாயிற்று. மீனவர் அதைப் பாயிண்ட் என்றே சொல்கின்றனர். ஒரு பொத்தானை அழுத்தினால் அது பதிவாகும், வேண்டும்போது திரையில் அம்புக்குறி அங்கே அழைத்துச் செல்லும், இருளிலும் மழையிலும் கரை மறைந்த பிறகும் அது வழிகாட்டும். இருபது ஆண்டுகள் கற்றுத் தேர்ந்த ஒருவரும், நேற்றுத் தொழிலுக்கு வந்த இளைஞரும் ஒரே பாரின்மேல் ஒரே துல்லியத்தோடு நிற்க முடிந்தது என்பதில் ஒரு சமத்துவம் உண்டு, அதை மறுப்பது பழமைக்குச் செய்யும் வீண் மரியாதை. ஆனால் எண் என்பது நகலெடுக்கத்தக்கது. கணியத்தைத் திருட அதே கண் வேண்டியிருந்தது, பாயிண்டைத் திருட ஒரு காகிதத் துண்டு போதும்; ஒருவர் படகில் கூலிக்குப் போனவர் அடுத்த மாதம் வேறொருவர் படகில் அதே இடத்துக்கு வர முடியும், இழுவை மடிப் படகும் வர முடியும். முதியவரிடம் யோசனை கேட்பது மெல்லக் குறைந்ததற்கு இளையோரின் மரியாதைக் குறைவைக் காரணம் காட்டுவோர் உண்டு. கேட்கவேண்டிய தேவை போய்விட்டது என்பதே பொருத்தமான விளக்கம். நீவாட்டையும் காற்றின் திருப்பத்தையும் பற்றிய அறிவு அந்தக் கேள்விகளோடு சேர்ந்தே கைமாறி வந்தது என்பதும், கேள்விகள் நின்றபோது அதுவும் நின்றது என்பதும் அப்போது யாருக்கும் இழப்பாகத் தோன்றியிருக்காது.

மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், குழித்துறை ஆறு கடலில் சேரும் முகத்துக்கு அப்பால் இரைமன்துறை முதல் நீரோடி வரை வரிசையாக நிற்கும் ஊர்கள், தூத்தூரின் பெயரால் பொதுவாக அறியப்படுபவை, இந்தத் தொலைவை இந்தியாவில் வேறு எவரையும்விட நெடிதாகப் பயன்படுத்தின. சுறாவையும் சூரையையும் தேடித் தூண்டிலோடு போகும் இவர்களுடைய படகுகள் கொச்சியைத் தளமாகக் கொண்டு, லட்சத்தீவுக்கு அப்பாலும் குஜராத் கரைக்கு எதிரேயுள்ள ஆழ்கடலிலும் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கின்றன. இவர்கள் ஜிபிஎஸ் வருவதற்கு முன்பே திசைகாட்டியோடு ஆழ்கடலுக்குப் போனவர்கள் என்பதால் கருவி இவர்களை உருவாக்கியது என்று சொல்ல முடியாது. முன்பு துணிச்சலாக இருந்ததை அது வழக்கமாக்கியது.

கரையில் இருப்பவருக்கு நேர்ந்த மாற்றம் கைபேசியோடு வந்தது. இதுபற்றி உலகப் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட அக்கட்டுரை, 1997 முதல் 2001 வரை வடகேரளத்தின் சாளை மீன் சந்தைகளில் கைபேசி படிப்படியாகப் பரவியதைப் பின்தொடர்ந்தது. 1997 ஜனவரியில் ஒருநாள் காலை வடகரையில் வாங்க ஆளில்லாமல் 11 பேர் மீனைக் கடலில் கொட்ட நேர்ந்தபோது, 15 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பிற துறைகளில் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் திரும்பிக்கொண்டிருந்தனர் என்று அவர் காட்டினார். கைபேசிக் கோபுரங்களின் அலை கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை எட்டியதால், படகிலிருந்தே விலை கேட்டுத் துறையைத் தேர்ந்தெடுக்க முடிந்ததும் இந்த வீணடிப்பு மறைந்தது, மீனவரின் லாபம் சராசரி 8 விழுக்காடு கூடியது, வாங்குவோருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. தொழில்நுட்பம் ஏழையை உயர்த்தும் என்பதற்கு உலகமெங்கும் எடுத்துக்காட்டப்பட்ட கட்டுரை இது. பின்னர் கேரளக் கரைகளில் ஆய்ந்த ஜானகி ஸ்ரீனிவாசனும் ஜென்னா பரலும் அந்த முடிவை எல்லாக் கரைக்கும் நீட்ட முடியாது என்று வாதிட்டனர். படகுக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் கொடுத்த ஏலக்காரரிடமே மீனை இறக்கவேண்டிய கட்டுள்ளவருக்கு, அடுத்த துறையில் விலை கூடுதல் என்ற செய்தி கையில் இருந்தும் பயனில்லை. கன்னியாகுமரிக் கரையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டாவது வாதமே உதவும். மேற்சொன்ன மீனவர் சங்கக் கூட்டமைப்பின் ஊர்ச் சங்கங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட்டு, கடனையும் சேமிப்பையும் கையாளத் தொடங்கியது செல்போன் இங்கே பரவுவதற்கு முன்பே நடந்தது. விலையில் பேரம் பேசும் வலிமை செய்தியைக் காட்டிலும் அந்தச் சங்கங்களிலிருந்தே அதிகம் வந்தது என்று சொல்வதில் தவறில்லை. சங்கத்தைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டுவது கைபேசியைக் காட்டுவதுபோல் எளிதன்று.

விலையைவிடப் பெரிதாக இக்கரையில் செல்போன் செய்தது, வருகையை முன்கூட்டிச் சொன்னது. கரையோரக் கோபுரத்தின் எல்லைக்குள் படகு நுழைந்ததும் வீட்டுக்கு ஒரு அழைப்பு வரும். அதுவரை இருந்த கலக்கம் அந்தக் கணத்தில் முடியும். ஆனால் இந்த வசதி ஒரு புதிய வகை அமைதியின்மையையும் பிறப்பித்தது, ஏனெனில் தொலைவு போகும் படகுகளுக்கு அந்த எல்லைக்கு அப்பால் எதுவும் இல்லை. வயர்லெஸ் என்று மீனவர் சொல்லும் விஎச்எஃப் கருவியின் அலை நேர்கோட்டில் போவது. பூமியின் அதே வளைவு அதையும் சில பத்துக் கிலோமீட்டரில் நிறுத்திவிடும். படகுக்குப் படகு சொல்லி அனுப்பினால் மட்டுமே செய்தி அதற்கு மேல் போகும். தென்னை மறையும் தொலைவில் நின்ற கணியத்தைக் கடந்து மனிதர் பல நூறு கிலோமீட்டர் போய்விட்டனர், குரல் ஏறத்தாழ அந்தப் பழைய எல்லையிலேயே நின்றுவிட்டது. நடுக்கடலிலிருந்து பேசத்தக்க செயற்கைக்கோள் தொலைபேசிகள் உலகில் இருந்தன. இந்தியாவில் அவற்றை அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிந்தைய பாதுகாப்புச் சூழலில் அந்த அனுமதி சாதாரண மீனவருக்கு எட்டாததாகவே இருந்தது.

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே உருவான தாழ்வு மண்டலம் மறுநாள் கன்னியாகுமரிக்குத் தெற்கே, கரைக்கு மிக அண்மையில், ஒக்கி என்னும் புயலாயிற்று. கடலுக்குப் போக வேண்டாம் என்ற மீனவர் அறிவிப்பு 29ஆம் தேதி வந்தது. புயல் என்ற சொல் 30ஆம் தேதி நண்பகலை ஒட்டியே வந்தது. முந்தைய மாலையில் சிறு படகுகளில் போனவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. ஆனால் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருந்த தூத்தூர்ப் பகுதிப் படகுகளைப் பொறுத்தவரை அறிவிப்பு எப்போது வந்தது என்ற விவாதமே பொருளற்றது, ஏனெனில் எப்போது வந்திருந்தாலும் அது அவர்களை எட்டியிருக்காது. அவர்களிடம் இருந்த கருவி, தாங்கள் எந்த அட்சத்தில் எந்த நெடுங்கோட்டில் இருக்கிறார்கள் என்பதைப் பத்து மீட்டர் துல்லியத்தில் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. அதே எண்ணை வேறு எவருக்கும் அதனால் சொல்ல முடியவில்லை. ஜிபிஎஸ் என்பது கேட்கும் கருவி, பேசும் கருவியன்று என்ற எளிய உண்மை அந்த நாட்களில்தான் கரைக்கு உறைத்தது. தப்பிய படகுகள் லட்சத்தீவிலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்தின் தேவ்கடிலும் குஜராத்திலும் ஒதுங்க, அங்கிருந்து வந்த அழைப்புகள் வழியாகவே வீடுகள் செய்தி அறிந்தன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை.

யார் யார் திரும்பவில்லை என்று கணக்கெடுத்ததிலும் ஒரு முரண் வெளிப்பட்டது. எந்தப் படகில் எத்தனை பேர் எந்தத் துறைமுகத்திலிருந்து எப்போது போனார்கள் என்ற முழுமையான பதிவு எந்த அலுவலகத்திலும் இல்லை. பங்குத் தந்தையர் வீடு வீடாகக் கேட்டுத் தொகுத்த பட்டியல்களே நம்பகமான ஆவணமாயின, அரசின் எண்ணிக்கை அவற்றோடு பொருந்தாமல் நாட்கணக்கில் மாறிக்கொண்டிருந்தது. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் நடந்துவந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தபோது அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது, தேடுதலை ஆழ்கடல் வரை நீட்ட வேண்டும் என்பது. தேடும் கப்பல்களில் மீனவர்களையும் ஏற்றிச்செல்ல வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது, சில கப்பல்களில் ஏற்றிச்செல்லவும் பட்டனர். காரணம் தெளிவானது: எஞ்சின் நின்ற படகும் அதைப் பற்றிக்கொண்ட மனிதரும் எங்கே மிதந்து போயிருப்பார்கள் என்பதை அந்த நாட்களின் நீவாட்டை அறிந்தவரே ஊகிக்க முடியும். ஜிபிஎஸ் வந்தபின் கேட்பாரற்றுப்போன அறிவு அது.

அதன்பின் வந்த கருவிகள் இந்த இடைவெளியை ஓரளவு குறிவைத்தவை. 2019 அக்டோபரில் நடுவண் அரசு அறிமுகப்படுத்திய ஜெமினி என்னும் சிறுபெட்டி, இந்தியச் செயற்கைக்கோள்கள் வழியாக வானிலை எச்சரிக்கையையும் மீன் கூடும் பரப்பைப் பற்றிய குறிப்பையும் பெற்றுப் படகிலிருக்கும் கைபேசியில் காட்டுவது. கரையிலிருந்து கடலுக்கு மட்டுமே அதில் செய்தி போகும். ஆபத்தில் இருப்பவர் பதிலுக்கு ஒரு சொல்லும் அனுப்ப முடியாது. ஒக்கிக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒருவழிக் கருவியையே தர முடிந்தது என்பது, கூப்பிடும் தொழில்நுட்பம் எத்தனை மெதுவாக நடக்கிறது என்பதற்கு அளவுகோல். இருவழிச் செய்திக்கு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவியை, 13 கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலுமாக 1 லட்சம் படகுகளில் கட்டணமின்றிப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. இதில் ஆபத்துப் பொத்தான் உண்டு, குறுஞ்செய்தி அனுப்பவும் பெறவும் முடியும், எல்லை தாண்டும்போது எச்சரிக்கையும் வரும்.

அதே கருவி படகு நிற்கும் இடத்தைக் கரையிலுள்ள கண்காணிப்பு மையத்துக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டும் இருக்கும். பாரின் கணியத்தை அண்டை வீட்டாருக்கும் சொல்லாமல் காத்த தொழிலில், ஒவ்வொரு பாயிண்டும் அரசின் திரையில் புள்ளியாக விழுவதை ஐயத்தோடு பார்ப்பவர் இருப்பதில் வியப்பில்லை. அந்தப் புள்ளிகள் யாருக்குக் கொடுக்கப்படும், எத்தனை காலம் வைத்திருக்கப்படும், மூன்று கடல்மைல் கோட்டுக்குள் இழுவை மடிப் படகு வந்தால் அதே திரையைப் பார்த்து நடவடிக்கை எடுக்கப்படுமா என்பவை நியாயமான கேள்விகள். பொத்தானை அழுத்தியபின் நடப்பதும் அத்தகைய கேள்விதான். 200 கடல்மைலுக்கு அப்பால் அழுத்தப்படும் பொத்தானின் குறிப்பு சில நிமிடங்களில் கரைக்கு வந்துவிடும். கப்பல் அந்தத் தொலைவைக் கடக்கப் பல மணி நேரம் ஆகும், அதற்குள் படகு நீவாட்டோடு வேறிடத்துக்குப் போயிருக்கும். 2017இல் தண்டவாளத்தில் அமர்ந்தவர்கள் கேட்டது கப்பலையும், அந்தக் கப்பலில் தங்களுக்கு ஓர் இடத்தையும். திட்டத்தில் கருவியின் எண்ணிக்கை தெளிவாக இருக்கிறது. கண்காணிப்பு மையங்களில் வள்ளவிளையிலிருந்தோ மார்த்தாண்டன்துறையிலிருந்தோ கடல் தெரிந்த சிலரைச் சம்பளம் கொடுத்து அமர்த்துவது அக்கருவிகளைவிடச் செலவு குறைந்த ஏற்பாடாகவே இருக்கும்.